ஊதியது யார்

ஜோலார்பேட்டை
16-1-2025

அன்புள்ள சிபிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. பொங்கலன்று சாயங்காலம் வந்து சேர்ந்தேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் புருவத்துத் தையல் எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது. மற்றதெல்லாம் அப்புறம்.

திரும்பி வர இரண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டு போன மனிதன் தனியாக வந்து இறங்கினால் உன் அம்மா எப்படி வரவேற்பாள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. "புள்ளைய இட்டுக்கினு வர்றேன்னு போனீங்களே, புள்ள எங்க?" என்று வாசலிலேயே கேட்டாள். பையைக்கூட வாங்கவில்லை. கதவில் இடித்துக்கொண்டான், காயம் ஆறட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன் என்றேன். "எந்தக் கதவுங்க கல்ல தூக்கி எறியுது?" என்றாள். எனக்கு முன்னாலேயே நிமாயின் மனைவி போனில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் இரண்டு பேரும் அத்தனை வருஷம் பக்கத்துப் பக்கத்து வீடு. அந்த நட்பு என்னைவிடப் பெரிசு என்று உன் அம்மா சொல்லுவாள்.

மறுநாள் வாணியம்பாடிக்காரர்கள் வந்தார்கள். அந்தப் பெண் மிருதுளாவும் வந்திருந்தாள். மாப்பிள்ளை எங்கே என்றார்கள். ஆபீசில் அவசர வேலை என்றேன். வடையைச் சாப்பிட்டுவிட்டு, இன்னொரு நாள் பார்ப்போம் என்று எழுந்துவிட்டார்கள்.

போன் பண்ணாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். சனிக்கிழமை கல்கத்தாவில் உன் பெஹாலா ஃப்ளாட்டில் நாம் இருவரும் போட்ட சத்தத்துக்குக் கீழ்வீட்டு மாஷிமா மூட்டு வலியோடு படியேறி வந்து நிறுத்தினார். போனில் சண்டை வந்தால் நிறுத்த அவரும் இல்லை.

அன்று சொன்னதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். "விசில் ஊதறதுக்காடா உன்ன இன்ஜினியரிங் படிக்க வெச்சேன்?" என்று கேட்டேன். "நீங்க விசில் ஊதித்தானே என்னப் படிக்க வெச்சீங்க" என்றாய். கூட்ஸ் வண்டி கார்டாக முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவனிடம் இதைச் சொன்னால் அவன் என்ன பதில் சொல்லுவான்? அதனால்தான் கத்தினேன்.

மீதிப் பாதி அப்படியே நிற்கிறது. உன் கம்பெனி சென்னைக்கு மாற்றல் தருகிறேன் என்கிறது. வாங்கிக்கொண்டு வா. கால்பந்து ரெஃப்ரி என்று ஞாயிறு தவறாமல் மைதானத்தில் ஓடி, ஊரார் வாயில் விழுந்து, கடைசியில் கல்லடியும் பட்டாயிற்று. இன்னும் என்ன பாக்கி?

ஒரு விஷயம். ஜோடாபுகூர் க்ளப்காரர்கள் உன் மேல் புகார் எழுதப்போவதாக நிமாய் சொன்னான். ஆட்டத்தின் நடுவில் விசில் ஊதியது நான். உங்கள் ரெஃப்ரி கமிட்டிக்கு நானே எழுதிவிடுகிறேன்: தப்பு என்னுடையது, பையனை விட்டுவிடுங்கள் என்று. விலாசம் அனுப்பு.

ஆசிகளுடன்,
அப்பா
சொக்கலிங்கம்

*

பெஹாலா
23-1-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

சிபியின் வணக்கம். தையல் பிரித்தாகிவிட்டது. அந்த இடத்தில் மட்டும் புருவ முடி முளைக்காது என்று டாக்டர் சொல்கிறார். ஆபீசில் இரண்டு பேர் எந்த சலூன் என்று கேட்டார்கள். இதை அம்மாவிடம் சொல்லுங்கள், கோபம் கொஞ்சம் இறங்கும். வாணியம்பாடி விஷயத்துக்கு நான் தனியாக அம்மாவிடம் பேசுகிறேன். முகத்தில் தையலோடு வந்து நின்றிருந்தால் அவர்கள் வடையைக்கூடச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

விலாசம் அனுப்ப மாட்டேன்.

கமிட்டியிலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. "ரெஃப்ரி தன் தகப்பனாரோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு எங்கள் கோலை மறுத்தார்" என்று ஜோடாபுகூர் எழுதிக் கொடுத்திருக்கிறது. பிப்ரவரி பதினாறாம் தேதி விசாரணை. மார்ச்சில் எனக்கு அடுத்த கிரேடு தேர்வு. அதில் தேறினால்தான் நகரத்து லீக் ஆட்டங்களுக்கு என்னைக் கூப்பிடுவார்கள். ஆறு வருஷமாகச் சேற்றிலும் புழுதியிலும் நான் ஓடுவது அந்த ஒரு தேர்வுக்காக. நோட்டீஸின் கடைசி வரி: விசாரணையில் குற்றம் உறுதியானால் தேர்வுக்கு அனுமதி இல்லை.

தப்பு உங்களுடையது என்று நீங்கள் எழுதினால், அப்பா பிள்ளையைக் காப்பாற்றுகிறார் என்பார்கள். நீங்கள் வேலையில் இருந்தபோது வண்டியில் ஏதாவது ஆனால் டிரைவரையும் கார்டையும் தனித்தனி அறையில் உட்காரவைத்து எழுதச் சொல்வார்கள், ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்கக்கூடாது என்று சொல்வீர்களே. நாமும் அப்படிச் செய்வோம். இது என் பக்கம். படிப்பதற்கு முன்னால் உங்கள் பக்கத்தை எழுதிவிடுங்கள். இந்த வரியை நீங்கள் படிக்கும்போது என் பக்கமும் உங்கள் கண்ணில் பட்டுவிட்டிருக்கும், தெரியும். இருந்தாலும் மடித்து வையுங்கள்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். நீல்பாதிக்கும் ஜோடாபுகூருக்கும் கோல் இல்லை. ஜோடாபுகூர் ஸ்ட்ரைக்கர் பந்தோடு தனியாக உள்ளே போகிறான். நீல்பாதி கோல்கீப்பர் முன்னால் வருகிறான். அப்போது ஒரு விசில். சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. கோல்கீப்பர் கையைத் தொங்கப்போட்டான். பின்னால் ஓடிவந்த இருவரும் நின்று என்னைப் பார்த்தார்கள். ஸ்ட்ரைக்கர் மட்டும் நிற்கவில்லை, பந்தை உள்ளே தள்ளிவிட்டான். என் விசில் என் கையில் இருந்தது.

சட்டம் தெளிவாக இருக்கிறது. வேடிக்கை பார்க்கிறவர் யாராவது விசில் ஊதி, அதனால் ஆட்டம் குலைந்தது என்று ரெஃப்ரி நினைத்தால், ஆட்டத்தை நிறுத்தி, பந்தைத் தரையில் போட்டு மறுபடி தொடங்க வேண்டும். மூன்று பேர் விசிலைக் கேட்டு நின்றதை நான் பார்த்தேன். கோல் இல்லை என்றேன்.

அதற்கப்புறம் டைபிரேக்கரில் ஜோடாபுகூர் தோற்றது. மிச்சம் உங்களுக்குத் தெரியும், என் புருவத்துக்கும் தெரியும்.

விசாரணையில் ஒரு கேள்விதான் கேட்கப் போகிறார்கள். ஊதியது யார் என்று அந்த நிமிஷம் உனக்குத் தெரியுமா?

தெரியும். திரும்பிப் பார்க்காமலே தெரியும். டூட்டி முடிந்து காலனி திருப்பத்தில் நீங்கள் அப்படித்தான் ஊதுவீர்கள், அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைப்பார். அந்த விசிலைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

அன்புடன்,
சிபி

*

ஜோலார்பேட்டை
29-1-2025

அன்புள்ள சிபி,

மடித்து வைக்கச் சொன்னாய், வைத்தேன். உன் அம்மா பிரித்துப் படித்துவிட்டு, தோசைக்கல் என்று ஏதோ முணுமுணுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை மட்டும் பார்த்தேன். இனி என் பக்கம்.

ஆட்டம் நடத்திய க்ளப்பின் ஆளாக நிமாய் எனக்கு விழா மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தான். உன் மேல் இருந்த கோபத்தில் அங்கே உட்காரப் பிடிக்காமல், சாந்த்ராகாச்சி யார்டை ஒட்டிய பக்கம் போய் நின்றேன். அங்கே ரயில்வே சைடிங் ஒன்று மைதானத்தின் ஓரமாகவே போகிறதல்லவா, அதன் தண்டவாளத்தில் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். யார்டுக்கு முதுகு, ஆட்டத்துக்கு முகம். ஒரு பெண் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

என் காலத்தில் காலி வேகன்களை அந்த லைனில்தான் தள்ளுவார்கள். தள்ளும்போது இன்ஜின் கடைசியில் இருக்கும். முன்னால் வருகிற வேகன் பூனை மாதிரி வரும், சத்தமே இருக்காது. அதனால்தான் முதல் வேகனில் ஒருவன் கொடியோடும் விசிலோடும் நிற்க வேண்டும் என்பது விதி. அன்று வேகன்கள் வளைவில் திரும்பி வந்தன. முன்னால் யாரும் நிற்கவில்லை. நேரே அந்தப் பெண்ணின் முதுகைப் பார்த்து வருவதுபோல் இருந்தது. சாவிக்கொத்தில் கிடந்த விசில் எப்படி என் வாய்க்கு வந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஊதினேன்.

தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவரும் அசையவில்லை. மைதானத்தில் ஆடியவர்கள்தான் நின்றார்கள். வேகன்கள் பக்கத்து லைனில் போயின.

வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த ஒரு பெரியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "கார்ட்-பாபு, இந்த லைன் செத்து ரெண்டு வருஷமாச்சு" என்று வங்காள மொழியில் சொன்னார். லைன் பிரிகிற பாயிண்டை எடுத்து, முனையில் மண்ணைக் கொட்டி மூடிவிட்டார்களாம். புல் முளைத்துக் கிடக்கிறது. அது என் கண்ணில் படவில்லை. அந்த லைனை எனக்குத் தெரியும் என்ற நினைப்பில் நான் காலடியைப் பார்க்கவே இல்லை. தெரியாதவன் யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

இருந்தாலும் சொல்லுகிறேன். மறுபடி அங்கே நின்றால் மறுபடி ஊதுவேன். லைன் உயிரோடு இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு ஊத முடியாது.

அப்புறம் உன்னைச் சுற்றிக் கூட்டம். "கோல் தே, சாலா!" என்று கோலைக் கேட்டுக் கத்தினார்கள். நான் உள்ளே நடந்து வந்து, "ஆமி பாஜியேச்சி" என்றேன், ஊதியது நான்தான் என்று. ஒருத்தன் "ஆரே, எ தோ ரெஃப்ரீர் பாபா!" என்றான். ரெஃப்ரியின் அப்பா என்று தெரிந்ததும் கல் வந்தது. எனக்கு வந்த கல்லா உனக்கு வந்த கல்லா என்று இன்னும் யோசிக்கிறேன். நீ ஏன் குறுக்கே வந்தாய்?

நிமாய் நம்மை க்ளப் அறையில் தள்ளி வெளியே பூட்டினான். ஊருக்குத் திரும்பும் நம் வண்டி ஹவுராவிலிருந்து புறப்படும் நேரத்தில் நாம் கோல் வலைகளுக்கும் கொடிக் கம்புகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தோம். வெளியே கதவை இடிக்கிறார்கள். நீ என் கைக்குட்டையைப் புருவத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு "பசிக்குதுப்பா" என்றாய். அலமாரியில் ஒரு டப்பாவில் அரிசிப்பொரி கிடைத்தது. கடுகெண்ணெய் ஊற்றிப் பிசைந்தோம்.

"அது கோல்தானாடா?" என்று கேட்டேன்.

"விசில் கேட்டுச்சு. கேட்டா கோல் இல்ல."

"நான்தான் ஊதுனேன்னு தெரியுமா?"

"தெரியாம? காலனிக்கே உங்க விசில் தெரியும்ப்பா."

அப்போது நான் சிரித்துவிட்டேன். நீயும் சிரித்தாய், தையல் போடாத காயம் திறந்து ரத்தம் வந்தது. "இன்னாடா சிரிப்பு, புடிடா அழுத்தி" என்று திட்டினேன். நீ காலேஜ் சேர்ந்த பிறகு நாம் இருவரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தது அன்றுதான் என்று ரயிலில் வரும்போது தோன்றியது.

என் பக்கம் இவ்வளவுதான். இப்போது கேள். நிமாய் நேற்று போன் செய்தான். கமிட்டியில் அவனுக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். "யார் ஊதியது என்று அப்போது தெரியாது, பிறகுதான் தெரிந்தது" என்று நீ சொன்னால் போதுமாம். புகாரைத் தள்ளிவிடுவார்களாம். தெரியும் என்று சொன்னால் பேசி வைத்த ஆட்டம் என்று முடிவு கட்டுவார்களாம்.

உன் முடிவு சரி. ட்ராப் பால் சரி. அதையெல்லாம் மாற்றச் சொல்லவில்லை. தெரியாது என்று ஒரு வார்த்தை. அதைச் சோதிக்க யாராலும் முடியாது. ஆறு வருஷம் ஓடியவன் ஒரு வார்த்தையில் விழ வேண்டாம். இந்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு. என் விசிலால் அது போகக்கூடாது. அப்பா கேட்கிறேன்.

ஆசிகளுடன்,
சொக்கலிங்கம்

*

பெஹாலா
4-2-2025

அப்பா,

நீங்கள் எழுதியதா இது என்று கையெழுத்தை இரண்டு முறை பார்த்தேன்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் காலையில் உங்களை பண்டாமுண்டாவுக்கு மாற்றினார்கள். ஒரு வேகனின் கதவுக் கொக்கி சரியாக விழவில்லை, நீங்கள் பச்சைக் கொடி காட்ட மாட்டேன் என்று நின்றுவிட்டீர்கள். வண்டி தாமதம் என்று பெரிய அதிகாரி ஸ்டேஷனுக்கே வந்து கத்தினார். கொக்கி விழுந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கொடியைக் காட்டும் என்றாராம். "நினைச்சுக்கினு காட்ட முடியாது சார், பாத்துதான் காட்ட முடியும்" என்றீர்களாம். காலனி முழுக்கப் பேசிய விஷயம் இது. அந்த வருஷம் முழுக்க நீங்கள் வீட்டில் இல்லை. என் பள்ளிக்கூட விழா, பூஜை, அம்மாவுக்கு டைபாய்டு, எதற்கும் இல்லை. அந்த வருஷத்துக்காக உங்கள் மேல் நான் ஒரு நாள்கூடக் கோபப்பட்டதில்லை. கொக்கி விழவில்லை, அதனால் அப்பா இல்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்படிப்பட்டவர் எனக்கு, நினைத்துக்கொண்டு காட்டு என்று எழுதுகிறார்.

தெரியாது என்று சொன்னால் தேர்வு எழுதலாம், சரி. எழுதித் தேறி லீக் மைதானத்தில் நிற்கிறேன் என்று வையுங்கள். ஒருவன் வந்து, அது பெனால்டியா இல்லையா, நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்பான். பார்த்தேன் என்று நான் சொன்னால் அதற்கு என்ன மதிப்பு? ரெஃப்ரியிடம் வேறு என்னப்பா இருக்கிறது? பந்து அவனுடையதில்லை, மைதானம் அவனுடையதில்லை, ஊரில் ஒருவனுக்கும் அவனைப் பிடிக்காது. பார்த்ததைப் பார்த்தேன் என்பான், கேட்டதைக் கேட்டேன் என்பான். அவ்வளவுதான் அவன்.

நிமாய் காகாவிடம் என் நமஸ்காரத்தைச் சொல்லுங்கள். அன்று கதவைப் பூட்டி நம்மைக் காப்பாற்றியதற்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிடுவேன். இந்த உதவி மட்டும் வேண்டாம்.

விசாரணைக்கு நீங்கள் டிக்கெட் எடுத்திருப்பதாக அம்மா போனில் சொன்னார். கேன்சல் செய்யுங்கள். நீங்கள் அந்த அறைக்குள் வந்தால் நான் உங்கள் முகத்தைப் பார்ப்பேன். உங்கள் முகத்தைப் பார்த்தால் தெரியாது என்று சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது.

சிபி

*

ஜோலார்பேட்டை
9-2-2025

சிபி,

கேன்சல் செய்துவிட்டேன்.

பண்டாமுண்டாவை இழுத்திருக்க வேண்டாம். உன் அம்மா அந்தப் பகுதியை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். படித்துவிட்டு, "டைபாய்டு எனக்குத்தான் வந்துச்சு, நானே சும்மா இருக்கேன், இவனுக்கு இன்னா?" என்றாள். ஆனால் அன்று மத்தியானம் உன் பழைய பள்ளிக்கூடப் போட்டோவை எடுத்துத் துடைத்து மேலே மாட்டினாள். அவள் எந்தக் கட்சி என்று எனக்குப் புரிந்துவிட்டது.

நான் எழுதியது தப்பு என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. நீ என் பிள்ளை. ரயிலுக்கு ஒரு விதி, பிள்ளைக்கு ஒரு விதி என்று எந்த அப்பனும் வைத்திருப்பான். உனக்குப் பிள்ளை பிறந்தால் தெரியும்.

ஆனால் முடிவு உன் கையில் இருக்கிறது. கேட்டதைக் கேட்டேன் என்று சொல். அப்பாவின் விசில் என்பதையும் சொல். தலையைக் குனிந்துகொண்டு சொல்லாதே. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போ.

நிமாயிடம் சொல்லிவிட்டேன். "அப்பனும் பிள்ளையும் ஒரே பாத்திரத்தில் வெந்தவர்கள்" என்று திட்டினான்.

அப்பா

*

பெஹாலா
17-2-2025

அன்புள்ள அப்பா, அம்மா இருவருக்கும்,

வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஜோடாபுகூர் செயலாளரும் அந்த ஸ்ட்ரைக்கரும் எதிர் நாற்காலியில். முதலில் ஸ்ட்ரைக்கரைக் கேட்டார்கள். விசில் எதுவும் என் காதில் விழவில்லை என்றான். பிறகு என்னை.

தலைவர் நல்ல மனிதர். எனக்கு முதல் கிரேடு கொடுத்தவரே அவர்தான். வழி வைத்தே கேட்டார். "அத்தனை கூட்டம், அத்தனை சத்தம். ஊதியது யார் என்று அந்த நேரத்தில் உனக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, இல்லையா?" ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். நிமாய் காகா சொன்னது பொய்யில்லை, கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள்.

"தெரியும். என் அப்பா" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தெரிந்துமா கோலை மறுத்தாய்?"

"வேறு யார் ஊதியிருந்தாலும் அது கோல் இல்லை. என் அப்பா ஊதினார் என்பதற்காக அதைக் கோல் ஆக்க முடியுமா?"

"சந்தேகம் வரும் என்று தோன்றவில்லையா?"

"தோன்றியது. சந்தேகம் வராத முடிவு வேறு, சரியான முடிவு வேறு. என்னிடம் சரியானதுதான் இருந்தது."

"அப்பாவை எதற்கு மைதானத்துக்குக் கூட்டி வந்தாய்?"

"கூட்டி வரவில்லை. சண்டை போட்டுக்கொண்டே கூட வந்தார்."

ஒருவர் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. வெளியே நிற்கச் சொன்னார்கள். பிறகு கூப்பிட்டு முடிவைச் சொன்னார்கள். முன்கூட்டிப் பேசி வைத்ததற்கு ஆதாரம் இல்லை. ஆனால் உறவினர் மைதானத்தில் இருப்பதைத் தெரிவிக்காதது, க்ளப்புகளின் நம்பிக்கையைக் குலைத்தது என்று இரண்டு காரணம் சொல்லி, ஒரு வருஷம் சஸ்பென்ஷன். தேர்வு இல்லை. "என் முடிவால் ஏற்பட்ட குழப்பத்துக்கு வருந்துகிறேன்" என்று எழுதிக் கொடுத்தால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவதாகத் தலைவர் தனியாகச் சொன்னார். காகிதத்தைக்கூட நீட்டினார். குழப்பம் என் முடிவால் வரவில்லை சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அழவில்லை. லேக் கார்டன்ஸ் வரைக்கும் பஸ்ஸில் வந்து, இறங்கி, ஏரியைச் சுற்றி நடந்தேன். காலுக்கு ஓடப் பழக்கம், வேறெதுவும் தெரியவில்லை.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. நான் படியிறங்கும்போது அந்த ஸ்ட்ரைக்கர் பின்னால் வந்தான். "அண்ணா, விசில் எனக்கும் கேட்டது" என்றான். உள்ளே ஏன் சொல்லவில்லை என்றேன். "நாளைக்கும் அந்த க்ளப்பில்தானே விளையாடணும்" என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அப்பா. அவன் தோளைத் தட்டிவிட்டு வந்தேன்.

சென்னை மாற்றலை இன்று வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது நான் போனால் கல்லுக்குப் பயந்து போனதாக ஆகும். ஒரு வருஷம் இங்கேயே இருந்து, அதே மைதானத்தில் வெளியே நின்று எல்லா ஆட்டமும் பார்ப்பேன். அடுத்த வருஷம் அதே தேர்வை எழுதுவேன். திட்டுவதென்றால் கடிதத்திலேயே திட்டுங்கள்.

அன்புடன்,
சிபி

*

ஜோலார்பேட்டை
25-2-2025

அன்புள்ள சிபி,

உன் கடிதம் வந்த அன்று நான் சாப்பிடவில்லை. உன் அம்மா சாப்பிட்டாள். "அவன் நெஞ்ச நிமித்திக்கினு வந்துட்டான், நீங்க ஏன் பட்டினி?" என்றாள். ராத்திரி தட்டை வைத்தாள், சாப்பிட்டேன்.

திட்ட உட்கார்ந்தேன். இரண்டு நாள் திட்டி எழுதியதைக் கிழித்துப் போட்டேன். சென்னையைப் பற்றி இனி நான் எழுத மாட்டேன். வாணியம்பாடிக்காரர்கள் மறுபடி கேட்டுவிட்டார்கள். ஆபீஸ் வேலை என்று அன்று சொன்னது பொய், பையன் ரெஃப்ரி, ஒரு கோலுக்காக அடிபட்டுக் கிடந்தான் என்று சொன்னேன். பெண்ணின் அப்பா யோசிக்கிறேன் என்றார். யோசிக்கட்டும். பெண் உன் நம்பரைக் கேட்டாளாம், உன் அம்மா கொடுத்திருக்கிறாள். அது உங்கள் இருவர் பாடு.

நேற்று முன்தினம் ஞாயிறு. இங்கே ரயில்வே மைதானத்தில் காட்பாடி ஆட்களுக்கும் நம்மூர் ஆட்களுக்கும் ஆட்டம். முன்னெல்லாம் அந்தப் பக்கமே போக மாட்டேன். போய் உட்கார்ந்தேன். இரண்டாம் பாதியில் நம்மூர்க்காரனை ரெஃப்ரி சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பினார். உன்னைவிட இரண்டு வயது கூட இருக்கும், ஒல்லியான ஆள், திருப்பத்தூரிலிருந்து வந்தவராம். பத்துப் பதினைந்து பேர் உள்ளே இறங்கி அவரைச் சுற்றிக்கொண்டார்கள். "இன்னாய்யா, துட்டு வாங்கினு வந்தியா?" என்று சட்டையைப் பிடிக்கப் போனான் ஒருத்தன். எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள். நம் தெருப் பிள்ளைகள்.

நான் எழுந்து உள்ளே போனேன். அந்த ரெஃப்ரிக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் காட்டியது சரியா தப்பா என்றுகூட எனக்குத் தெரியாது, என் இடத்திலிருந்து பார்த்தால் தப்பு மாதிரிதான் இருந்தது.

"பெருசு, உங்களுக்கு இன்னா இங்க வேலை? போய் உக்காருங்க" என்றான் ஒருத்தன்.

"நீங்கள்லாம் போய் உக்காருங்கடா, நான் அப்பறம் உக்கார்றேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் முறைத்தார்கள். பிறகு ஒவ்வொருவனாக நகர்ந்தார்கள். சிவப்பு அட்டை வாங்கியவன் கடைசியாகப் போனான், போகும்போது என்னையும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். வாங்கிக்கொண்டேன்.

அந்த ரெஃப்ரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நீங்க யாரு சார்?" என்று கேட்டார்.

"நானும் ஒரு ரெஃப்ரியோட அப்பாதான்" என்றேன்.

"அப்படியா? எங்க இருக்கார் சார்?"

"கல்கத்தாவுல. இப்போ சஸ்பென்ஷன்ல இருக்கான்."

"ஐயோ, என்ன ஆச்சு சார்?"

"ஒண்ணும் ஆவல. நீங்க ஆட்டத்த நடத்துங்க" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். நம்மூர் தோற்றது.

அம்மா நலம். நானும் நலம். நீ ஓடுவதை விட்டுவிடாதே.

உன்
அப்பா